பியூலாவின் பாணி

இசைக்குழு நடத்துநர் பியூலா தேவசகாயம், படுத்த படுக்கையான கணவரைப் பார்த்துக்கொள்வதற்காக வேலையை விட்டார். போகும்போது தன் உருவத்துக்கும் கையசைவுகளுக்குமான உரிமையைக் குழுவுக்கே எழுதிக் கொடுத்தார். அன்றிலிருந்து மேடையில் நின்று நடத்தியது, கணினி ஒளியால் உருவாக்கிய அவருடைய ஒளியுருவம்.

ஒன்பது ஆண்டுகள் கழித்துக் கணவர் இறந்தார். ஒளியுருவம் பராமரிப்புக்குப் போகும் நாட்களில் நடத்த ஆள் தேவை என்று விளம்பரம் வந்தது. பியூலா விண்ணப்பித்தார்.

தேர்வன்று, குழு வழக்கமாக வாசிக்கும் இசைக்கோவையின் மெதுவான பகுதியை அவர் முன்னைவிட நிதானமாக நடத்தினார். இப்போது அது அவருக்கு அப்படித்தான் கேட்டது. வயலின்காரர் ஒருவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

மேலாளர் கதிரேசன் தயங்கினார். "நல்லாத்தான் இருந்துச்சு மேடம். ஆனா இது பியூலா மேடம் பாணி இல்லையே."

"நான்தானே பியூலா?"

"தெரியும் மேடம். ஆனா ஜனங்க வர்றது அவங்களுக்காக. அவங்க மாதிரியே பண்ணுவீங்கன்னா நாளைக்கே சேர்ந்துக்கலாம்."

பியூலா சேர்ந்தார். தன் பழைய நிகழ்ச்சிகளைப் போட்டுப் பார்த்து, கண்ணாடி முன் நின்று பழகினார்.

முதல் நிகழ்ச்சி முடிந்ததும் ஒரு ரசிகை வந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

"அச்சு அசல் அவங்க மாதிரியே பண்றீங்க. என்ன, அவங்க கையில இருக்கிற உயிர்தான் வரல."

"பழகிக்கிறேன்மா" என்றார் பியூலா.