கோணல் சில்லு

"இதோட மூணாவது தடவை, மரியநாயகம் அண்ணே. ரெண்டு முன் சில்ல நேராக்கத் தெரியாம நீங்கெல்லாம் என்ன மெக்கானிக்? இன்னொரு தடவை இப்பிடின்னா வேற ஆளப் பாத்துக்குவேன்."

மேனேஜர் கஜேந்திரன் போட்ட சத்தம் ஹோட்டல் முழுக்கக் கேட்டது. முற்றத்தில் குனிந்து புல் வெட்டிக்கொண்டிருந்த நான்கு பெண்களும் கத்தியை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள்.

மரியநாயகம் பொகவந்தலாவை பஜாரிலிருந்து பஸ்ஸில் நின்றுகொண்டே வந்து, மூட்டுவலியோடு ஏற்றம் ஏறியிருந்தார். வாதாடத் தெம்பில்லை.

ஆள் உட்கார்ந்து ஓட்டுகிற புல் வெட்டும் மிசின் அது. தேயிலைத் தோட்டத்துப் பழைய துரை பங்களாவை ஹோட்டலாக்கிய கொழும்பு முதலாளி ஆசை ஆசையாக வாங்கி அனுப்பியது. இப்போது அதன் முன் சக்கரச் சில்லு இரண்டும் ஆளுக்கொரு திசை பார்த்தன. இப்படியே ஓட்டினால் புல்லை வெட்டாது, பிய்த்துப் போடும்.

சில்லை நேராக்குவதில் மரியநாயகத்துக்குக் கொஞ்சம் கர்வமே உண்டு. டேப் பிடிக்க மாட்டார். ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தே கால் அங்குலக் கோணலைச் சொல்லிவிடுவார். நாற்பது வருஷமாகச் சோறு போட்டது அந்தக் கண்தான். இந்த ஹோட்டலின் ஜெனரேட்டர், தண்ணீர்ப் பம்ப் எல்லாமே அதை நம்பித்தான் அவர் கைக்கு வந்தன.

ஷெட்டுக்குப் போய் மிசினுக்கு அடியில் படுத்தார். இரண்டு சில்லையும் இணைக்கிற தடியைத் தடவிய கை அப்படியே நின்றது.

போன தடவை நட்டை இறுக்கிவிட்டு, நட்டுக்கும் தடிக்கும் சேர்த்து மகள் நகத்துக்குப் பூசுகிற கியூடெக்ஸால் ஒரு சிவப்புக் கோடு போட்டிருந்தார். இப்போது நட்டில் இருந்த கோடு ஒரு பக்கம், தடியில் இருந்தது வேறு பக்கம். யாரோ ஸ்பேனர் போட்டுத் திருப்பியிருக்கிறார்கள்.

யாரென்று யோசிக்கவே தேவையில்லை. மிசின் ஓடினால் அந்த நான்கு பெண்களுக்கும் வேலை கிடையாது. மிசின் படுத்தால்தான் அவர்களைக் கூப்பிடுகிறார்கள்.

எழுந்து வெளியே வந்து, அந்த நால்வரில் முன்னால் நின்ற பூரணியிடம் நேராகவே கேட்டார்.

"ஏம்மா, உங்க வயித்துப் பொழப்புக்கு என் பேரையா கெடுக்கணும்? நட்டைக் கழட்டினது யாரு?"

பூரணியின் முகம் சுண்டிப்போனது.

"அந்த மிசின் பக்கம் எங்கள அண்டவே விடமாட்டாங்க. வயசாயிருச்சுன்னு தோட்டத்துல பேர வெட்டிட்டாங்க. இங்கயாச்சும் நாலு நாள் வேலை கிடைக்குதேன்னு வாறோம். களவாணிப் பட்டம் ஒண்ணுதான் பாக்கி, அதையும் நீங்க குடுத்துட்டீங்க."

அவர் நம்பவில்லை. திரும்பிப் போய், கண்ணால் பிடித்துச் சில்லை நேராக்கி, நட்டை இறுக்கி, புதிதாகக் கோடும் போட்டார்.

"சரியாயிருச்சு சார்."

"ம்" என்றார் கஜேந்திரன். சந்தோஷப்பட்ட மாதிரி தெரியவில்லை.

பஸ் நிற்கும் இடம்வரை இறங்கிய பிறகுதான் குடை ஞாபகம் வந்தது. தூறல் வேறு பிடித்துக்கொண்டது. தன்னைத்தானே திட்டிக்கொண்டு மறுபடி ஏற்றம் ஏறினார்.

ஷெட்டில் மிசினுக்கு அடியிலிருந்து இரண்டு கால்கள் நீட்டிக்கொண்டிருந்தன. பாலிஷ் போட்ட சப்பாத்து.

"சார்! நீங்களா?"

கஜேந்திரன் ஸ்பேனரோடு எழுந்து உட்கார்ந்தார். நெற்றியில் கிரீஸ்.

"மிசின் சரின்னு சொன்னா நாளைக்கே அவங்கள நிப்பாட்டச் சொல்றாரு முதலாளி. நாலு பேர்கிட்டயும் போயி அதச் சொல்ல எனக்கு வாய் வரல அண்ணே."

"அதுக்கு என்னைய ஏன் ஊர் கேக்க ஏசுனீங்க?"

"ஏசாட்டி, கெடுக்கிறதே நான்தான்னு முதலாளி காதுக்குப் போயிரும். தப்புத்தான். மன்னிச்சிருங்க."

மரியநாயகத்துக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. அடுத்தவன் பேரைக் கெடுத்துச் செய்வது என்ன தர்மம்? கேட்பதற்குள் கஜேந்திரனின் போன் அடித்தது. முதலாளிதான்.

"அந்த மெக்கானிக் இருக்காரா? அவர்கிட்ட குடுங்க." போன் கை மாறியது. "கம்பெனிக்காரன் மிசின்ல ஒரு பிழையும் இல்லங்கிறான். அப்ப பிழை எங்க இருக்கு? நீங்களே சொல்லுங்க."

கஜேந்திரனின் முகம் வெளிறிவிட்டது. வெளியே நான்கு பேரும் தலையில் சாக்கைப் போட்டுக்கொண்டு, தூறலில் குனிந்து வெட்டிக்கொண்டிருந்தார்கள். மரியநாயகம் அவர்களைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"பிழை என்கிட்டதாங்க ஐயா. எனக்கு இந்த வேலை பிடிபடல."

"அத மொதல்லயே சொல்றதுக்கென்ன? இனி எந்த வேலைக்கும் நீங்க வர வேணாம். ஏப்ரல் சீசனுக்கு இங்கருந்தே ஆள் அனுப்புறேன். அதுவரைக்கும் அந்தப் பொம்பளைங்களே வெட்டட்டும்."

கஜேந்திரன் என்னவோ சொல்ல வந்தார். மரியநாயகம் வேண்டாமென்று கையை அசைத்துவிட்டுக் குடையை எடுத்தார்.

"ஏப்ரலுக்கு இன்னும் மூணு மாசம் கிடக்கு சார். போயி அவங்ககிட்ட சொல்லுங்க."

கஜேந்திரன் போய்ச் சொன்னார். மெக்கானிக்கால் முடியவில்லை, ஏப்ரல்வரை தினமும் வரலாம் என்று. நான்கு பேருக்கும் முகம் மலர்ந்தது.

மரியநாயகம் அவர்களைக் கடந்து போகும்போது பூரணி வேண்டுமென்றே உரக்கச் சொன்னாள்.

"ரெண்டு சில்லு நேரா இருக்கான்னு பாக்கத் தெரியல, எங்களக் களவாணின்னு சொல்ல வந்துட்டாரு. கண்ணு தெரியாட்டி வீட்டுல கிடக்க வேண்டியதுதானே!"

மரியநாயகம் நின்றார். குடையை விரித்தார்.

"ஆமா தங்கச்சி, உங்களத் தப்பாப் பாத்துட்டேன். கண்ணு முந்தி மாதிரி இல்ல."