வாத்தியார் ஊதிய புளியங்கொட்டை

கரடி வாத்தியார், ஒரு பக்கம் மட்டும் வெள்ளையாகத் தேய்த்த புளியங்கொட்டையைக் குட்டிகளிடம் காட்டினார். "வெள்ளையும் விழலாம், கறுப்பும் விழலாம். கெஞ்சினாலும் அதுக்குக் காது கேக்காது" என்றார். முயல்களும் அணில்களும் தலையாட்டின.

ஆளுக்கொரு கொட்டையோடு, வெள்ளை விழுந்தால் வெற்றி என்று ஆட்டம் தொடங்கியது. வாத்தியாருக்குக் கறுப்பாகவே விழுந்தது. கொண்டுவந்த கொய்யாவையெல்லாம் தோற்று, கடைசியில் தேனடையையும் பந்தயம் வைத்தார். யாரும் பார்க்கவில்லை என்று நினைத்து, பாடம் நடத்திய அதே வாயால், "தாயே, வெள்ளை!" என்று கொட்டையை ஊதி உருட்டினார்.

வெள்ளை விழுந்தது. வாத்தியார் துள்ளிக் குதித்தே விட்டார். குதித்து முடித்துப் பார்த்தால், எல்லாக் குட்டிகளும் தங்கள் கொட்டையை ஊதிக்கொண்டிருந்தன.

ஒரு முயல்குட்டி கைதூக்கியது. "சார், ஒரு தடவை ஊதினாப் போதுமா, ரெண்டு தடவை ஊதணுமா?"