ராணியின் வலக்கை

ஸ்பெயின் அரண்மனையில் ராணி ஓவியருக்கு முகத்தை மட்டும்தான் காட்டுவாள், அதுவும் அரை மணி நேரம். மிச்ச நாளெல்லாம் ராணியின் சரிகை உடையை மாட்டிக்கொண்டு, நாற்காலி முதுகில் வலக்கையை வைத்தபடி நிற்பது தையல்காரி பிரிகிதாவின் வேலை. பாவாடைக்குள் இருக்கும் கம்பி வளையம் இடுப்பை அறுக்கும், கால் மரத்துப்போகும். "கையை ஆட்டாதே" என்பதைத் தவிர ஓவியர் அவளிடம் எதுவும் பேசியதில்லை. ஆனால் அவர் கண்ணுக்கு எதுவும் தப்பாது.

ராணி இறந்த மறுமாதம் பிரிகிதா அந்த உடையின் சரிகையைப் பிரித்துக்கொண்டிருந்தபோது அரசர் உள்ளே வந்தார். சுவரில் மாட்டியிருந்த ராணியின் படத்தின் முன்னால் வெகுநேரம் நின்றார். முகத்தை அல்ல, கையைத்தான் பார்த்தார்.

"சுட்டுவிரல்ல தழும்பு இருக்கே. பதினோரு வருஷம் கூட வாழ்ந்தேன், இதைப் பார்த்ததே இல்ல. எப்படி வந்துச்சுன்னு உனக்குத் தெரியுமா?"

பிரிகிதா தன் வலக்கையை மெல்ல உடையின் மடிப்புக்குள் இழுத்துக்கொண்டாள்.

"ஊசி ஏறிடுச்சு, மகாராஜா."

அரசர் கையுறையைக் கழற்றிவிட்டு, படத்திலிருந்த விரலைத் தடவிக்கொடுத்தார்.

"வலிச்சிருக்குமா?"

இத்தனை வருஷத்தில் யாரும் அதைக் கேட்டதில்லை.

"ரொம்ப வலிச்சுது, மகாராஜா" என்றாள்.