சுவருக்கு அந்தப் பக்கம்

"அது வீடா, காடா? இன்னைக்கு ரெண்டுல ஒண்ணு பார்த்துடுறேன்!"

புல் வெட்டும் மெஷினைத் தள்ளிக்கொண்டு கிளம்பினார் செயலாளர். தெருச் சங்கத்துக்குச் செயலாளர். வீட்டிலும் அவர் வைத்ததுதான் சட்டம். அவருடைய புல்தரையில் ஒரு சருகு விழுந்தால்கூட மனுஷனுக்குத் தூக்கம் வராது.

"வேண்டாங்க, விட்டுடுங்களேன்," என்று வாசல்வரை ஓடி வந்தாள் மனைவி. உள்ளே பாத்ரூமில் மகள் வழக்கம்போல் கத்திப் பாடிக்கொண்டிருந்தாள்.

"தினம் அந்த டாக்டரம்மாகிட்ட அரட்டை அடிக்கிறல்ல, அதான் பரிஞ்சு பேசுற!"

பக்கத்து வீட்டுப் பல் டாக்டரம்மா சிரித்த முகமாய் வரவேற்றார். "வாங்க சார், பல்வலியா?"

"கண்வலி! உங்க களையைப் பார்த்துப் பார்த்து!"

"களை இல்ல சார். இந்த மண்ணுக்கே சொந்தமான செடிங்க. உரம் வேணாம், மருந்து வேணாம், தேனீ வரும், பட்டாம்பூச்சி வரும்," என்று பாடம் ஒப்பிப்பதுபோல் சொன்னார் டாக்டரம்மா. "என்னை எவ்வளவு வேணா திட்டுங்க. வெட்ட மட்டும் வேண்டாமே."

"அப்படியா? இது என்ன செடி?"

டாக்டரம்மா திருதிருவென்று விழித்தார். "அது... பச்சையா இருக்கே, அதுதான்."

"இது?"

"அதோட தம்பி."

"வச்சவங்களுக்கே பேர் தெரியல. வெட்டினா என்ன குடியா முழுகிடும்?"

மெஷினை உள்ளே தள்ளினார். சருகுக்கு அடியில் இருந்த சின்ன வாய்க்காலில் சக்கரம் மாட்டிக்கொண்டது. சோப்பு நுரையோடு தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது.

"குளிச்ச தண்ணியா? நீங்க ஒருத்தர்தானே இந்த வீட்டுல. நீங்க இங்க நிக்கிறீங்க. அப்ப குளிக்கிறது யாரு?"

டாக்டரம்மா வானத்தைப் பார்த்தார்.

செயலாளர் வாய்க்காலைப் பிடித்துக்கொண்டே போனார். அது சுவரில் முடிந்தது. சுவரிலிருந்து ஒரு குழாய் நீட்டிக்கொண்டிருந்தது. குழாய்க்குள் யாரோ பாடினார்கள்.

அவர் மகள்!

திரும்பினார். கேட்டருகே மனைவி. கையில் காய்கறித் தோல் வாளி, கண்ணில் தண்ணீர்.

"நம்ம வீட்டுல ஒரு செடி வைக்கட்டுமான்னு கேட்டேன். புல்லைத் தவிர எதுவும் கூடாதுன்னுட்டீங்க. டாக்டரம்மா இடம் கொடுத்தாங்க."

செயலாளருக்கு வெட்கமாகப் போய்விட்டது. ஒரே ஒரு செடி. அதற்கும் மாட்டேன் என்றிருக்கிறார்.

"இது என்ன செடி?" என்றார் மெதுவாக.

"தும்பைங்க."

"அதோட தம்பி?"

அழுகையை மீறி அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "துத்தி."

"நம்ம பக்கம் வளருமா?"

"நீங்க விட்டா வளரும்."

"விட்டேன், போ!"

மெஷினைத் தூக்கி வெளியே வைத்தவர், டாக்டரம்மாவிடம் வந்தார். "வருஷக்கணக்கா உங்களைத் திட்டித் தீர்த்திருக்கேனே! ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?"

"நல்லா சொன்னீங்க போங்க! சொல்லியிருந்தா அந்தத் திட்டெல்லாம் அவங்களுக்குல்ல விழுந்திருக்கும்!"