மேஜை மணி

“இந்தப் பொண்ணோட அம்மா ராத்திரியில…”

டிங்.

லோவெல் மேஜை மணியைத் தட்டிவிட்டார். கோரின் பாதி வாக்கியத்தோடு நின்றாள்.

அமெரிக்காவின் வெர்மான்ட் மலைகளுக்கு நடுவே இருக்கும் அந்தத் தனியார் கல்லூரி, யாருடைய பண வசதியையும் பார்க்காமல்தான் இடம் தரும். இடம் கிடைத்துவிட்டால், மாணவரால் கட்ட முடியாததைக் கல்லூரியே கட்டும். அதனால் வருமான விவரம் எதுவும் அவர்கள் உட்கார்ந்திருக்கும் தேர்வுக் குழு அறைக்குள் வராது.

பார்க்கக் கூடாது என்பதுதான் விதி. கேட்கக் கூடாது என்று யாரும் எழுதி வைக்கவில்லை. அந்த ஓட்டையை அடைக்கத்தான் மணி; யாராவது ஒருவரின் வீட்டு வசதியைப் பற்றி வாயெடுத்தால் அடிக்கும். பல வருடங்களாக அது லோவெலின் கையருகே இருக்கிறது.

அந்தப் பெண் ஜோலீன் ராட்கேவுக்கு ஆதரவாகக் குழுவினரின் கைகள் தயங்கித் தயங்கித்தான் உயர்ந்தன. எப்படியோ தேறினாள்.

அடுத்த பெயரைக் குழுவில் இன்னொருவரான கிளிஃப் படித்தார். “ஆஷ்டன். படகுப் போட்டியில கேப்டன். கோடை லீவுல இத்தாலி போய் சிற்பம் கத்துக்கிட்டு வந்திருக்கான்.”

மணி பேசவில்லை. அவனும் தயங்கி உயர்ந்த கைகளில்தான் தேறினான். மேஜைக்கு அடியில் கோரினின் கால் ஆடிக்கொண்டே இருந்தது.

இடைவேளையில் காபி மெஷின் பக்கத்தில் லோவெலைப் பிடித்துக்கொண்டாள்.

“இத்தாலிக்கு என்ன, நீந்தியா போனான்? அதுக்கு ஏன் மணி அடிக்கலை?”

“படகுக்காரனுக்கு மணி எதுக்கு?” லோவெல் டோனட்டைப் பிய்த்து வாயில் போட்டார்.

“ஜோலீனுக்கு வீடே கிடையாது. காருக்குள்ள தூங்குறாங்க. அம்மா வேலை பாக்கிற லாண்டரி கடையில உக்காந்து கால்குலஸ் படிக்கிறா. அதைச் சொல்ல விட்டிருந்தா அத்தனை பேரும் கையைத் தூக்கியிருப்பாங்க.”

“எனக்கு ஒண்ணும் காதுல விழலை.”

“உங்களுக்கு இதயமே இல்லை, லோவெல்.”

“சர்க்கரை இருக்குன்னாரு டாக்டர். இதயத்தைப் பத்தி ஒண்ணும் சொல்லலை.”

கோரின் காபியைக் குடிக்காமலே கொட்டினாள். மதியம் கடைசி முடிவெடுக்க டீன் வரும்போது, மணி அடித்தாலும் சரி, இடி இடித்தாலும் சரி, எல்லாவற்றையும் சொல்லிவிடுவது என்று தீர்மானித்துக்கொண்டாள்.

மதியம் டீன் ஹாலிஸ் வந்தார். இனிமையான பெண்மணி. இருக்கிற இடங்களைவிடத் தேறியவர்கள் அதிகம். குழு தயங்கித் தேர்ந்தெடுத்தவர்களில் சிலரைக் காத்திருப்புப் பட்டியலுக்கு அனுப்பியாக வேண்டும்.

“பண விவரம் எதையும் நான் பாக்கிறதில்லை, உங்களுக்கே தெரியும். சும்மா ஆளைப் பத்திச் சொல்லுங்க, போதும்.”

முதல் பையனுக்காகக் கிளிஃப் ஒரே மூச்சில் கொட்டினார். “அப்பாவுக்குச் சுரங்கத்துல வேலை போயிடுச்சு, இவன் பீட்சா டெலிவரி பண்ணிக்கிட்டே படிக்கிறான்.”

டிங். கொஞ்சம் தாமதம்.

டீனின் கண் கலங்கிவிட்டது. “அருமையான பையன். காத்திருப்புப் பட்டியல்.”

அடுத்தவள் பள்ளிக்கூடத்து இலவசச் சாப்பாட்டில் வளர்ந்தவள். அதையும் யாரோ அன்பாக முந்திக்கொண்டு சொன்னார்கள்.

“என்ன ஒரு மன உறுதி,” என்றார் டீன். “காத்திருப்புப் பட்டியல்.”

அடுத்துப் படகுக்காரனின் பெயர் வந்தது. “நம்ம இடத்துக்கு நல்லாப் பொருந்துவான்,” என்றார் டீன். “ சேர்த்துக்கலாம்.”

கோரினின் கால் நின்றுவிட்டது. மெதுவாகத் திரும்பி லோவெலைப் பார்த்தாள். அவர் ஜன்னலுக்கு வெளியே பனியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“ஜோலீன் ராட்கே,” டீன் நிமிர்ந்தார். “மார்க் எல்லாம் பிரமாதமா இருக்கே. வீட்டுல எல்லாம் எப்படி, கோரின்?”

லோவெலின் கை அவசரமாக மணியைத் தேடிப் போனது. அங்கே மணி இல்லை. அது கோரினின் உள்ளங்கைக்கு அடியில் இருந்தது.

டிங்.

டீன் உதட்டைக் கடித்துச் சிரித்தார். “மன்னிச்சுக்கோ, நானே விதியை மறந்துட்டேன் பாரு. இதுதான் நம்ம கல்லூரிக்குப் பெருமை. இந்தப் பொண்ணைச் சேர்த்துக்குங்க.”