ஏவிஸ் பேசும் பக்கம்

அன்று மழை பெய்ததா என்று என்னால் இப்போது உறுதியாகச் சொல்ல முடியவில்லை. நினைவில் மட்டும் பர்னி ஊர் நூலகத்தின் பின்னறை ஜன்னலில் அது வழிந்துகொண்டே இருக்கிறது. எழுதிப் பழகும் நாங்கள் நான்கு பேர் ஹீட்டரைச் சுற்றி உட்கார்ந்திருக்கிறோம். ஒருவர் எழுதியதை இன்னொருவர்தான் உரக்க வாசிக்க வேண்டும். மற்றவர்கள் பேசி முடிக்கும்வரை எழுதியவர் வாய் திறக்கக் கூடாது என்பது எங்கள் வழக்கம். டெஸ்மண்ட் எழுதிய பக்கத்தை நோலீன் வாசிக்கிறார். அதில் டெஸ்மண்டும் மனைவி ஏவிஸும் கடற்கரையில் நடக்கிறார்கள். வழியெல்லாம் ஏவிஸ் பேசுகிறாள், காற்றைத் திட்டுகிறாள், அவருடைய தொப்பியைக் கேலி செய்கிறாள். அவள் இறந்து ஒரு குளிர்காலம் கடந்துவிட்டது என்பது டெஸ்மண்டைத் தவிர எங்கள் யாருக்கும் அப்போது தெரியாது.

“யோவ் டெஸ்மண்ட், உங்க வீட்டம்மா மூச்சு விடவே மாட்டாங்களா?” என்று கிளைவ் சிரிக்கிறார். “கடல் சத்தமே கேக்கலையே. அவங்க பேச்சை வெட்டுய்யா, பக்கம் நிமிர்ந்துடும்.”

“பாவம், வீட்டுலயும் இவரைப் பேச விடமாட்டாங்க போல,” என்கிறார் நோலீன்.

டெஸ்மண்ட் வழக்கத்தை மீறவில்லை. தாளை வாங்கி, பென்சிலை எடுத்து, ஏவிஸின் பேச்சை வரி வரியாக, அவசரமில்லாமல் அடிக்கிறார். தாளில் பென்சில் உரசுவதும் ஹீட்டரின் முனகலும் மட்டும் கேட்கின்றன. நோலீன் மறுபடி வாசிக்கிறார். இப்போது கடல் இருக்கிறது, கூழாங்கற்கள் இருக்கின்றன, ஒருவர் நடந்துகொண்டிருக்கிறார்.

“இதுதான்யா எழுத்து!” என்று கிளைவ் மேசையைத் தட்டுகிறார். எனக்கும் அப்படித்தான் தோன்றுகிறது.

அந்தப் பக்கம் எங்கள் ஆண்டு மலரில் வந்தது. கிளைவ் பெர்த்துக்குக் குடிபோனார். நோலீன் இறந்துவிட்டார். நான் இன்னும் எழுதுகிறேன். டெஸ்மண்ட் அதற்குப் பிறகு வரவேயில்லை.