எரியாத ஒரு விளக்கு

தொலைக்காட்சிக்கு எதிர் நாற்காலியில் என் கணவர், கட்டிலில் அண்ணன், சாப்பாட்டு மேசையில் பேனாவோடு நான். விமானங்களைச் சோதித்து அனுப்பும் என்ஜினியர் என் கணவர். சக்கரம் இறங்கியதைக் காட்டும் இரண்டு விளக்குகளில் ஒன்று எரியவில்லை. மற்றது எரிந்தால் பறக்கலாம் என்பது விதி. அதன்படியே கையெழுத்திட்டார். விமானம் நேரத்துக்குப் பத்திரமாக இறங்கியது. ஆனால் 'மயிரிழையில் தப்பிய பயணிகள்' என்று செய்தி வந்ததும், அவரை வேலையிலிருந்து நிறுத்திவைத்து விளக்கம் கேட்கிறார்கள். அந்த விளக்கக் கடிதத்தைத்தான் அவருக்காக எழுதிக்கொண்டிருக்கிறேன். அதில் பயணம் செய்த அண்ணன் திரையில் மறுபடியும் சொல்கிறார்: "சாவைக் கண்ணால பாத்தேன்." நீல ஒளி கணவரின் முழங்காலில் நடுங்குகிறது.

"ஏண்ணே, ஏறினதுலேர்ந்து தூங்கினேன்னுதானே எங்கிட்ட சொன்னே?"

"மைக்கை வாய்க்குள்ள திணிக்கிறான். நல்லாத் தூங்கினேன்னா சொல்ல முடியும்?"

"இதையும் எழுதிடட்டுமா?" என்று கணவரைக் கேட்கிறேன்.

"வேணாம். விளக்கைப் பத்தி மட்டும் எழுது." குரலில் கோபம்கூட இல்லை. அவருடைய டீயில் ஆடை படிந்திருக்கிறது.

கையெழுத்துப் போடுகிறார். கடிதத்தை நான் உறையில் போட, அதை வாங்கிக்கொண்ட அண்ணன், கோந்து விளிம்பை நாக்கால் நனைத்து, கட்டைவிரலால் அழுத்தி ஒட்டுகிறார். "நானே தபால்ல போட்டுட்டு வரேன், மாப்ள," என்று செருப்பை மாட்டுகிறார். கதவு சாத்தும் சத்தம் கேட்கிறது. என் கணவர் திரும்பவில்லை. திரையில் இருக்கும் அண்ணனையே பார்த்துக்கொண்டிருக்கிறார்.